அத்தியாயம் 7: ஷட்டரை இறக்கிய பிறகு வரும் அழைப்பு

செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதியில் யாரும் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்புவதில்லை. சலூன் பூட்டியிருக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பூட்டிய கதவைத் தட்டி, "அண்ணே, ஓரம் மட்டும் எடுத்து விடுங்க" என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. புதன்கிழமை வந்து வரிசையில் உட்காருகிறார்கள். ஆயுத பூஜையன்று அச்சகத்தில் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டால் அன்றைக்கு அது ஓடாது. எவ்வளவு அவசரக்காரரும் அன்று வந்து, "நூறு பிட் நோட்டீஸ் மட்டும் ஓட்டிக் குடுங்க" என்று கேட்க மாட்டார்.

அதே மனிதர் சாதாரண நாளில் இரவு பத்தே முக்காலுக்கு என்னை அழைத்து, விசிட்டிங் கார்டில் போன் நம்பரைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்பார். சலூன்காரர்கள் தங்கள் விடுமுறையைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் என் நேரத்தை யாருக்கும் சொன்னதே இல்லை. சொல்லாமல் இருந்தது போதாதென்று, பத்தே முக்காலுக்குப் போனை எடுத்து, "பண்ணிடலாம்ணே" என்றும் சொன்னேன். அந்த ஒரு பதிலில், இந்தக் கடை இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கும் என்று அவர் தெரிந்துகொண்டார். அதில் அவர் தவறு என்ன இருக்கிறது?

மதுரையில் நான் நடத்துவது சின்ன டிசைன், பிரிண்டிங் கடை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டிஜிட்டல் பிரிண்டர், உதவிக்கு இரண்டு பேர். ஆஃப்செட் வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறேன். எனக்குத் தெரிந்தது இந்தத் தொழில் என்பதால் இதை வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். நீங்கள் ப்ளவுஸ் தைப்பவராக இருக்கலாம், வீட்டிலேயே கேக் செய்து விற்பவராக இருக்கலாம், ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவராக இருக்கலாம். பத்திரிகை என்று நான் எழுதுமிடத்தில் உங்கள் பொருளை வைத்துப் படியுங்கள்.

சட்டம் நம்மைக் கணக்கில் எடுக்கவில்லை

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்று அது வரம்பு கட்டியது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் அதே சட்டத்தைத் திருத்தினார்கள். பிரான்சில் வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலக மெயிலைப் பார்க்காமல் இருக்கும் உரிமை 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லாமே நல்ல சட்டங்கள். ஆனால் எல்லாம் சம்பளம் வாங்குகிறவருக்கானவை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவருக்கான சட்டத்தை அவரேதான் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கவும் வேண்டும்.

முதலில் ஒரு மாதம் குறிப்பெடுங்கள். கடை மூடிய பிறகு வரும் ஒவ்வொரு அழைப்பையும் செய்தியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: யார், எத்தனை மணிக்கு, என்ன வேலை, காலை ஒன்பதரைக்குப் பார்த்திருந்தால் என்ன கெட்டிருக்கும். கடைசிக் கேள்விதான் முக்கியம். நான் எழுதிப் பார்த்தபோது அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்றே எழுத வேண்டியிருந்தது. ஞாபகம் வந்த நேரத்தில் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சாப்பாட்டை முடித்து, டிவியை அணைத்து, படுக்கப் போகும்போதுதான் அவர்களுக்குப் பத்திரிகை நினைவு வருகிறது. உடனே பதில் வேண்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. ஓடி ஓடிப் பதில் சொன்னது நான்.

ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்

நேரக் கட்டுப்பாட்டைச் சொல்ல ஒரே ஒரு நல்ல வேளைதான் உண்டு. வாடிக்கையாளர் உங்கள் எதிரில் உட்கார்ந்து, மாடல் கார்டுகளைப் புரட்டி, "இது நல்லாருக்கு" என்று சிரிக்கும் வேளை. அப்போது சொன்னால் அது கடையின் வழக்கம். இரவு பதினொன்றுக்கு மூன்றாவது முறை அழைக்கும்போது சொன்னால் அது கோபம். வார்த்தை ஒன்றாகவே இருந்தாலும் அவர் காதில் விழுவது வேறாகிவிடும்.

என் ஆர்டர் ரசீதின் பின்பக்கம் இப்படி அச்சிட்டிருக்கிறேன்:

"கடை நேரம் காலை 9.30 முதல் இரவு 8 வரை. ஞாயிறு விடுமுறை. புரூஃப் இரண்டு முறை இலவசம். அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் ரூ.100. மாலை 6 மணிக்குள் ஓகே ஆகும் வேலை மறுநாள் அச்சுக்குப் போகும். ப்ளேட் போட்ட பிறகு வரும் திருத்தத்துக்கு ப்ளேட் செலவு தனி. முன்பணம் பாதி."

அச்சிட்டால் மட்டும் போதாது. ரசீதின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. எழுதிக் கொடுக்கும்போது திருப்பிக் காட்டி, விரலை வைத்து வாயால் சொல்லுங்கள். "அண்ணே, எட்டு மணிக்கு மேல நான் போன் பாக்க மாட்டேன். நீங்க அனுப்பி வச்சிருங்க, காலைல வந்ததும் உங்களுதத்தான் மொதல்ல பாப்பேன்." இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பார்க்க மாட்டேன் என்பதோடு நிறுத்தினால் அவருக்குப் பதற்றம் வரும். எப்போது பார்ப்பீர்கள் என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். காலையில் சொன்னபடி முதலில் பார்த்துப் பதில் போட வேண்டியது உங்கள் கடமை. ஒன்பதரை என்று சொல்லிவிட்டுப் பதினொன்றுக்குப் பதில் போட்டால், அன்றிரவே அவர் மறுபடி அழைக்கத் தொடங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"இதெல்லாம் சொன்னா ஆர்டர் போயிரும்" என்று சக கடைக்காரர்கள் என்னிடம் சொல்வார்கள். அவர்களிடம் நான் காலண்டரைக் காட்டுவேன். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாகின்றன. மளிகைக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் ஆடி, ஆவணியிலேயே படத்தைத் தேர்ந்தெடுத்து, முன்பணம் கட்டி, மார்கழி வரை பொறுத்திருந்து வாங்குகிறார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் வந்து, "நாளைக்கே ஆயிரம் தினசரி காலண்டர் வேணும்" என்று கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். விசிட்டிங் கார்டுக்கு ஒரு நாள் பொறுக்க முடியாதவர் காலண்டருக்கு நான்கு மாதம் பொறுக்கிறார். அந்தத் தொழில் காலத்தை நிர்ணயித்து, ஊருக்கே தெரியும்படி வைத்திருப்பதுதான் காரணம்.

கல்யாண வேலையிலும் காலம் தெரிந்ததுதான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. தை பிறந்ததும் ஆரம்பிக்கும். வைகாசியிலும் ஆவணியிலும் மூச்சு விட நேரமிருக்காது. எனவே மார்கழியிலேயே வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பி, "தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வேண்டுமென்றால் மேட்டரை இந்தத் தேதிக்குள் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். கடைசி நேரத்தில் வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவசரக் கட்டணம் வையுங்கள். என் கடையில் வழக்கமான விலையோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். விலையைச் சொன்னதும், பாதிப் பேருடைய அவசரம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பேருக்கு உண்மையிலேயே அவசரம். அவர்களுக்காக விழித்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதற்குரிய கூலியும் கிடைக்கிறது, என் ஊழியருக்கும் அதில் ஒரு பங்கு கொடுக்கிறேன்.

இரவில் புரூஃப் ஓகே வாங்காதீர்கள்

இதை என் பணத்தைக் கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பத்திரிகை. மண்டபம் கிடைக்காமல் வரவேற்பை ஒரு நாள் முன்னால் தள்ளினார்கள். பெண்ணின் தகப்பனார் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் புதுத் தேதியை அனுப்பினார். நான் படுக்கையில் இருந்து எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, தேதியை மாற்றி அனுப்பினேன். "சூப்பர், ஓகே" என்று பதில் வந்தது. காலையில் நானூறு கார்டு அச்சாகிவிட்டது. தேதி மாறியிருந்தது, கிழமை பழையதாகவே இருந்தது. நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன், செலவு என்னுடையது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நானும் தூக்கக் கலக்கத்துல பாக்கல தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சம்பந்தி வீட்டுக்குப் போய்ப் பழைய கார்டுகளைத் திரும்ப வாங்கக் கிளம்பினார். அந்த வெயிலில் அவர் நடந்துபோனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து எட்டு மணிக்கு மேல் எந்த ஓகேவையும் நான் ஏற்பதில்லை. வாடிக்கையாளரே, "ஓகேதான், போடுங்க" என்றாலும் காலையில் ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன். பத்திரிகைக்கு ஒரு வழிமுறை வைத்திருக்கிறேன்: பெயர், இன்ஷியல், தேதி, கிழமை, நேரம், மண்டபம், போன் நம்பர் ஆகிய ஏழையும் வீட்டில் இருவர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் ஓகே சொல்ல வேண்டும். இரவு வேலையை மறுப்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியாது. "எனக்கு ஓய்வு வேணும்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், "உங்க வீட்டுப் பத்திரிகையில தப்பு வந்துரக் கூடாது" என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மை.

போன்

கடைக்கென்று தனி நம்பர் வாங்குங்கள். அதைத் தனிப் போனில் போடுங்கள். ஒரே போனில் இரண்டு சிம் போட்டால் பயன் இல்லை. மகளின் பள்ளியிலிருந்து வரும் செய்தியைப் பார்க்கத் திறக்கும்போது வாடிக்கையாளர் செய்தியும் மேலே நிற்கும், கை தானாகப் போகும். கடை போன் கடையிலேயே, மேசை டிராயரில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். கடை நேரத்தை அதில் பதியலாம், அந்த நேரத்துக்கு வெளியே வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி வைக்கலாம். பலர் இதில் ஒரு தவறு செய்கிறார்கள்: போனை அணைத்துவிட்டுப் போகிறார்கள். போனில் இணைய இணைப்பு இருந்தால்தான் அந்தத் தானியங்கிப் பதில் போகும். எனவே சார்ஜில் போட்டு, இணைப்பை விட்டு, சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். நான் வைத்திருக்கும் பதில் இது:

"வணக்கம். கடை மூடியாயிற்று. உங்கள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது, காலை 9.30-க்கு முதல் வேலையாகப் பார்க்கிறோம். துக்க வீட்டு வேலைக்கு மட்டும் கீழுள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள்."

கடைசி வரியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நீல டிக்கை நிறுத்திவிடுவதும் நல்லது. "பாத்துட்டு பதில் போடல" என்ற வருத்தம் வராது. ஆனால் அதை நிறுத்தினால் மற்றவர் பார்த்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. புரூஃப் அனுப்பும் தொழிலில் அது ஒரு இழப்புதான். நான் நிறுத்தியிருக்கிறேன். தேவைப்பட்டால் போன் செய்து கேட்டுக்கொள்கிறேன்.

ஊழியர்களின் சொந்த நம்பரை வாடிக்கையாளருக்குத் தராதீர்கள். நீங்கள் எடுக்காவிட்டால் டிசைனர் தம்பியை அழைப்பார்கள். அவன் கூச்சப்பட்டு எடுப்பான், வேலையும் செய்வான், மறுநாள் உங்களிடம் சொல்லவும் மாட்டான்.

பழைய வாடிக்கையாளர்களும் சொந்தக்காரர்களும்

புதியவர்களிடம் இதெல்லாம் எளிது. பத்து வருடமாக நினைத்த நேரத்தில் அழைத்துப் பழகியவரிடம் எப்படிச் சொல்வது? செய்தியாக அனுப்பாதீர்கள். மொத்தமாக ஒரு அறிவிப்பை எல்லாருக்கும் தட்டிவிட்டால், பழகியவர் தன்னையும் ஊரோடு சேர்த்துவிட்டதாக நினைப்பார். அடுத்த முறை அவர் கடைக்கு வரும்போது டீ வாங்கிக் கொடுத்து நேரில் சொல்லுங்கள். "அண்ணே, தை ஒண்ணுல இருந்து எட்டு மணியோட நிறுத்திக்கிறேன். பிள்ளைங்க தூங்குறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போகணும்." இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டவர் எனக்கு அநேகமாக இல்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சொன்ன பிறகு வரும் முதல் மாதம் கடினம். பழக்க தோஷத்தில் அழைப்பார்கள். அந்த மாதத்தில் ஒருமுறைகூட வளையாதீர்கள். ஒருநாள் எடுத்து, ஒருநாள் எடுக்காமல் விட்டால், எடுக்கும்வரை அடித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அது முன்பிருந்ததைவிட மோசம். எனக்கு அந்த மாதத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை, அவருடைய வேலை நல்ல வேலை, எனக்கு நஷ்டம்தான். நஷ்டமே வராது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

சொந்தக்காரர் விஷயம் வேறு. சித்தப்பா மகன் கடைத் திறப்பு விழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பேனர் கேட்டால் ரசீதைத் திருப்பிக் காட்ட முடியாது. அதற்கு நான் கண்ட வழி, எது மொய், எது வேலை என்று முதலிலேயே பிரித்துவிடுவது. "சித்தப்பா, இது என் மொய். இதுக்குக் காசு வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் குடுத்துருவேன்." கொடுக்கும் நாளை நீங்களே சொல்லிவிடுங்கள். இலவசமாகச் செய்வதற்கும் நாள் உண்டு. பாதி விலைக்குச் செய்வதுதான் ஆபத்து: வாங்குபவருக்குப் பணம் கொடுத்த உரிமை, உங்களுக்குக் கூலி வராத கசப்பு.

பணம்

முன்பணம் வாங்காத வேலையில் கடை நேரம் நிற்காது. பாக்கியை வசூலிக்க நீங்களே இரவில் அழைக்க வேண்டியிருக்கும்; நீங்கள் அழைத்தால் அவரும் அழைப்பார். தனிநபர்களிடம் பாதி முன்பணம், மீதி கொடுத்துச் சரக்கை எடுப்பது. கம்பெனிக்காரர்கள் அப்படித் தர மாட்டார்கள். அவர்களுக்காக உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், இணையத்தில் இலவசம். குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது; ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் இதைச் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. பில்லில் உத்யம் எண்ணையும் இந்தக் கெடுவையும் ஒரு வரியாக அச்சிடுங்கள். சண்டை போடாமலே கணக்குப் பிரிவு உங்கள் பில்லை மேலே எடுத்துவைக்கும்.

தேர்தல் நேரம்

தேர்தல் அறிவித்த பிறகு நள்ளிரவில் நான்கு பேர் வண்டியில் வந்து, "விடியறதுக்குள்ள நோட்டீஸ் வேணும்" என்று நிற்பார்கள். இங்கே உங்கள் கடை நேரத்தைப் பேச வேண்டாம், சட்டத்தைப் பேசுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ-யின்படி தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதிலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இரண்டு பிரதி வாங்க வேண்டும். அச்சான பிறகு அதில் ஒன்றை, அச்சிட்ட தாளோடு சேர்த்து அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் படிவத்தை மேசையில் அடுக்கி வையுங்கள். "பூர்த்தி பண்ணிக் கொண்டுவாங்கண்ணே, உடனே ஆரம்பிச்சிரலாம்" என்று நீட்டுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வேலை காலைக்குப் போய்விடும்.

திறந்தே இருக்க வேண்டிய கதவு

இத்தனையும் எழுதிய பிறகு இதையும் எழுத வேண்டும். ஒரு அழைப்பை நான் எந்த நேரத்திலும் எடுப்பேன். எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் விடிந்ததும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் தெருமுனையில் நிற்க வேண்டும். வெளியூரிலிருந்து வருபவர்கள் அதைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். தகப்பனை இழந்த பையனிடம், "காலை ஒன்பதரைக்கு வா" என்று சொல்லும் கடையை நான் நடத்த விரும்பவில்லை. மற்ற எல்லா வேலைக்கும் எட்டு மணிக்குக் கதவை அடைத்ததால்தான் இந்த ஒரு வேலைக்கு எழுந்து போக என்னிடம் தெம்பு இருக்கிறது. உங்கள் தொழிலில் இதற்குச் சமமானது எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று இருக்கலாம், மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது ஒன்று தோன்றினால் உங்கள் நோட்டை எடுத்து அந்தக் கடைசிக் கட்டத்தை மறுபடி பாருங்கள்.

அதற்கும் தனியாள் தாங்காது. பக்கத்துத் தெருவில் இதே தொழில் செய்யும் நண்பரோடு பேசி, ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான் என்று முறை வைத்திருக்கிறோம். தானியங்கிப் பதிலில் போகும் எண் அந்த வாரத்துக்குரியவருடையது. திங்கள் காலையில் எண்ணை மாற்ற மறக்காதிருக்க போனில் அலாரம் வைத்திருக்கிறேன். மேட்டர் வாங்க ஒரு படிவமும் உண்டு: பெயர், வயது, தோற்றம், மறைவு, வீட்டு முகவரி, துயரத்தில் பங்குகொள்வோர் பெயர்கள். பெயர் வரிசையை வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்ல எழுதுங்கள். விட்டுப்போன ஒரு பெயர் பல வருடம் பேசப்படும். போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், போனை எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எப்பய்யா எடுக்குறீங்க?" அவர் சொல்லும் மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ரீப்பர் சட்டம் அடிக்க ஒரு மணி நேரம், கொண்டுபோய்க் கட்ட அரை மணி, பிரிண்டுக்கு அரை மணி. மறுநாள் மாலை நான்கு மணிக்குத்தான் என்றால், படிவத்தை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வையுங்கள். காலை ஒன்பதுக்கே என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.